ஹியூரான் ஏரிக்கரை காட்டேஜ்: பம்ப் அடிக்கடி ஓடுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கனடாவின் ஒன்டாரியோவில் சாபிள் பீச் அருகே வாடகைக்கு விடும் காட்டேஜில் ஜெட் பம்ப் ஏரித் தண்ணீரை இழுக்கிறது. குழாய் எதையும் திறக்காதபோதும் அது ஓடி ஓடி நிற்கிறது. அழுத்த ஸ்விட்ச் 30/50 பிஎஸ்ஐ (அழுத்தம் 30-க்கு இறங்கினால் பம்ப் ஓடும், 50-இல் நிற்கும்). தண்ணீரை வடித்துவிட்டு அழுத்த டேங்கின் காற்றழுத்தத்தை 28-இல் வைத்தாயிற்று. டாய்லெட்டில் கசிவில்லை. பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள வால்வை மூடினால் டேங்க் பக்கம் அழுத்தம் இறங்கவே இல்லை. அதனால் கோளாறு உறிஞ்சு குழாய்ப் பக்கம்தான்: ஃபுட் வால்வில் (ஏரிக்குள் இருக்கும் குழாய் முனையில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு) மணலோ சிப்பியோ சிக்கியிருக்கலாம், இல்லையென்றால் பாலித்தீன் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

தண்ணீர் இன்னும் கடுங்குளிர். குழாயை வெளியே இழுக்காமலே இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? பம்ப் வாயிலில் செக் வால்வு (ஒருவழி வால்வு) போட்டால் கசிவு மறையுமே தவிர தீராது. மணல் அடித்தரையில் ஃபுட் வால்வை எவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறீர்கள்? விருந்தினர் வருமுன் சரிசெய்தாக வேண்டும்.