பனையோலை முடையக் கற்றுக்கொடுத்தபோது

தாராவியிலிருந்து:

என் ஆச்சிக்குத் திருச்செந்தூர் பக்கம். பனங்குருத்தில் பெட்டி முடைவார். வாயால் எதையும் சொல்லித்தர மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தப்பாகப் போட்டால் கையிலிருந்து வாங்கி, நாலு வரி பிரித்து, சரியாக முடைந்து திருப்பித் தருவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே மும்பையில் எங்கள் சந்தில் ஆறு பெண்களுக்கு ஞாயிறுதோறும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த முறையும் அது ஒன்றுதான்.

முதல் வகுப்பில் முடையவே விடவில்லை. ஊரிலிருந்து ரயிலில் வந்த காய்ந்த குருத்தைக் கொடுத்து, ஈர்க்கு நீக்கி, எல்லாக் கீற்றும் ஒரே அகலத்தில் வரும்படி வகிரச் சொன்னேன். பிறகு நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தோம். அன்றைய பொழுது அதற்கே சரியாகப் போயிற்று. மறுவாரம் இரண்டு பேர் வரவில்லை. ஆனாலும் இதை நான் மாற்றப் போவதில்லை. அகலம் பிசகினால் யார் முடைந்தாலும் அடி கோணும். ஈரம் போதாவிட்டால் மடிக்கும் இடத்தில் ஓலை முறியும்.

என்னை மாற்றியவர் மும்பைக்கு வடக்கே உள்ள பால்கர் பக்கத்து மராத்திப் பெண் ஒருவர். என்னைத் 'தாயி' என்றே கூப்பிடுவார். மராத்தியில் அது அக்கா. எங்கள் ஊரில் மகளையும் அப்படித்தான் அழைப்போம், கேட்கும்போதெல்லாம் மனம் குளிரும். ஒரு நாள் அவர் தன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாயி, இதில் நேராக இருக்கிற வரியெல்லாம் நீங்கள் போட்டது" என்றார். உண்மைதான். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் அவருக்கு ஒரு வரிகூட வரவில்லையாம். அன்று முதல் யார் பெட்டியையும் நான் தொடுவதில்லை. என் மடியில் தனியாக ஒரு பெட்டி இருக்கும், தவறிய இடத்தை அதில் முடைந்து காட்டுவேன். பிரிப்பதும் திரும்பப் போடுவதும் அவர்கள் வேலை. சும்மா இருக்கக் கையைப் பழக்கத்தான் எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இடக்கைப் பழக்கமுள்ள ஒரு சிறுமியும் வருகிறாள். பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப்போலவே வலக்கையால் முடையச் சொன்னேன். ஓலை இறுகவே இல்லை, அவள் கண் கலங்கிவிட்டது. எதிரில் உட்கார வைத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் வலக்கை போன பக்கமே அவள் இடக்கை போயிற்று. அந்த வாரமே ஒரு சின்னக் கொட்டானின் வாயைக் கட்டி முடித்துவிட்டாள்.

செம்பூரிலிருந்து:

நான் கற்றுக்கொடுத்தது பூக்கட்ட. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஊசியில் கோப்பவர்கள். வாழைநாரைப் பார்த்த குஜராத்திப் பெண்மணி, நூல் போதாதா என்று கேட்டார். இரண்டிலும் ஒவ்வொரு முழம் கட்டச் சொன்னேன். நூலை இறுக்கியதும் மல்லிகைக் காம்பு அறுந்து பூக்கள் மடியில் உதிர்ந்தன. நனைத்த நார் மெத்தென்று பிடித்துக்கொண்டது. நான் விளக்கமே சொல்லவில்லை. இப்போது மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் போனால் எனக்கும் சேர்த்து நார் வாங்கி வருகிறார்.

சயனிலிருந்து:

ஆச்சி முறையை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள், அக்கா. அவர் பிரித்துப் போடுவதை நீங்கள் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். வாரம் ஒருமுறை வருகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதுதான் வேறுபாடு. ஒரு சந்தேகம்: இந்த ஊர் மழையில் ஓலையை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஜூலையிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது.

தாராவியிலிருந்து:

நீங்கள் சொல்வது சரி, தம்பி. ஆச்சியோடு நான் நாள் முழுக்க இருந்தேன்.

மழைக்காலத்தில் புது ஓலையை எடுப்பதே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பழைய பெட்டிகளைப் பிரித்து மீண்டும் முடையப் பழகுகிறோம். முடைந்து முடித்ததை ஈரம் முழுதும் போகும்வரை மூடி வைக்கக் கூடாது. உங்கள் பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் வெளியே வையுங்கள்.

இன்னொன்று. கோடையில் இங்கே விற்கும் தாட்கோளா நம் நுங்குதான். அந்தப் பனை பால்கர் பக்கம் நிற்கிறது. அதன் குருத்தைக் கேட்டபோது, ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பனைக்கு வளரும் முனை ஒன்றே, அது போனால் மரமே போய்விடும். தாயி என்று கூப்பிடுகிறவரின் தம்பி நேற்றுக் கொண்டுவந்து தந்தார். மாடியில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகிர்ந்து பார்க்கிறோம்.