சபையை விட்டு வந்தவர்கள் நமக்கென்று ஒரு கூட்டத்தை எங்கே தேடுவது?

தாமிரபரணி:
திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் பருவம் முழுவதும் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடி வளர்ந்தவள் நான். கடவுள் நம்பிக்கை படிப்படியாக விலகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இப்போது வேலை நிமித்தமாக மதுரையில் தனியாக வசிக்கிறேன். ஊரில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால், மாலைக்குள் யாராவது ஒரு பெரியம்மா வீட்டுக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தைய இரவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போதுதான் யாருக்கு அறுவைச் சிகிச்சை, எந்த வீட்டில் பணமுடை என்பதெல்லாம் தெரியவரும். யார் என்ன செய்வது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். இங்கே நான் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தபோது உணவு கொண்டுவரும் பையனைத் தவிர யாரும் என் கதவைத் தட்டவில்லை. இதற்காக நம்பிக்கை உள்ளவளைப்போல் நடிக்க மனம் ஒப்பவில்லை. உங்களில் மதம் சாராதவர்கள் இத்தகைய உறவுகளை எப்படி அமைத்துக்கொண்டீர்கள்?

காவிரிக்கரை:
தோழருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சடங்குகள் கிடையாது. சாதியையும் சடங்கையும் விட்டவனுக்குப் பெண் கொடுக்கவும் பிணம் தூக்கவும் ஆள் கிடைக்காது என்ற அச்சம் சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் மிக உண்மையான அச்சமாக இருந்தது. அதனால்தான் அவர்கள் மேடைப் பேச்சோடு நிற்காமல், வாழ்வின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாற்று ஒன்றை உருவாக்கினார்கள். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. இத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததோ, அண்ணா முதல்வரான பிறகு வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் அத்தம்பதிகளுக்குச் சுற்றம் என்று இருந்தவர்கள் பெரும்பாலும் தோழர்களே.

என் தந்தை இறந்தபோது அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதிலாகப் படத்திறப்பு நடத்தினோம். பெரிய பேச்சாளர் எவரையும் அழைக்கவில்லை. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் எழுந்து, தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா யாரிடமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். எங்களுக்கே அது அன்றுதான் தெரியும். உங்கள் பகுதியில் பெரியார் படிப்பகம் இருந்தால் ஒரு மாலை போய்ப் பாருங்கள்.

நாகமலை:
மூத்தவர் சொன்னதை மதிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அந்த 1967 திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்டது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மதச் சடங்கின்றி மணம் செய்ய விரும்பினால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆனால் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. கடவுள் இல்லை என்ற ஒரே கருத்தை வைத்துக் கூடுகிறவர்கள் விவாதிப்பதற்கு நல்ல துணை. காய்ச்சலில் கஞ்சி கொண்டுவருவார்களா என்பது வேறு விஷயம். உங்களைத் தேடி அந்தப் பெரியம்மா வந்ததற்குக் காரணம் விசுவாசம் மட்டுமாக இருக்க முடியாது. பாடகர் குழுவில் உங்கள் இடம் காலியாக இருந்தது, ஒரு குரல் குறைந்தது. அது எல்லோருடைய கண்ணிலும் பட்டது. ஆகவே, நீங்கள் வராவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும்படியான இடத்தைத் தேடுங்கள். பார்வையாளராகப் போய் உட்கார்ந்துவிட்டு வரும் கூட்டங்களால் இது நடக்காது, அவை எவ்வளவு நல்ல கூட்டங்களாக இருந்தாலும்.

மதுரையில் இதற்கு வழி உண்டு. பசுமை நடை என்ற குழுவினர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம் போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள். கல்வெட்டுகளைப் பற்றிக் கேட்டுவிட்டு மலையடிவாரத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். உணவு பரிமாறவும் பிள்ளைகளைப் பாறையில் ஏற்றி இறக்கவும் எப்போதும் ஆள் தேவை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தையும் விசாரியுங்கள். எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கக் காலத்தில் ஊர் ஊராகப் போன கலைக்குழுக்களின் மரபு அவர்களிடம் உண்டு; சேர்ந்து பாடத் தெரிந்தவரை அவர்கள் எளிதில் விடமாட்டார்கள். ஆறு மாதமாவது தவறாமல் போக வேண்டும். முதல் சில முறை அந்நியராகத்தான் உணர்வீர்கள்; பெரும்பாலோர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

மாற்றுச்சாவி:
நானும் தனியாக வசிப்பவள். எங்கள் குடியிருப்பில் தனித்திருக்கும் பெண்கள் சிலர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். இரவு பத்து மணிக்குள் ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் ஒரு சொல்லாவது போட வேண்டும். போடாதவரைத் தொலைபேசியில் அழைப்போம், எடுக்காவிட்டால் மாற்றுச் சாவியோடு போவோம். யாருக்கு எந்த மாத்திரை ஒவ்வாது, எந்த இரத்த வகை, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதிய தாள் எல்லோரிடமும் இருக்கிறது. எங்களில் விரதம் இருப்பவரும் உண்டு, தொழுபவரும் உண்டு. நான் எதையும் நம்பாதவள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் என் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஊர்ச் சபையோடு உறவை அறவே அறுக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். அசனப் பண்டிகைக்குப் போய் வெங்காயம் உரிப்பது நடிப்பாகிவிடாது. ஆராதனையில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

தாமிரபரணி:
மூவருக்கும் நன்றி. கலைக்குழுவைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. இந்த வாரமே விசாரிக்கிறேன். அசனத்துக்குப் போவதைப் பற்றி இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கும், ஆனால் நான் மனம் மாறி வந்துவிட்டதாக ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால், வீட்டாரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.