ஜிஎம் இல்லாத குஞ்சுத் தீவனம்: தமிழ்ல ஒரு சொல் வேணும்

ஏற்காட்டுலேர்ந்து:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திங்கக்கிழமை மலையில நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிற அக்காமாருக்கு வகுப்பு, துண்டறிக்கை நாளைக்கே சேலம் பிரஸ்ஸுக்குப் போகணும். முதல் மாசம் குஞ்சுக்கு 20 சதம் கிட்ட புரதம் வேணும், சோயா புண்ணாக்கு இல்லாம அது கஷ்டம், அங்கதான் நான்-ஜிஎம்ஓ, அதாவது மரபணு மாத்தாத பயிருங்கிற பேச்சே வருது. 'மரபணு மாற்றப்படாத பயிர்களில் தயாரித்த தீவனம்'னு போட்டா தலைப்பே ரெண்டு வரி ஆயிடுது. சின்னதா ஒண்ணு சொல்லுங்க. 'மரபு மாறாத் தீவனம்' சரியா வருமா?

அஸ்தம்பட்டி, தமிழாசிரியர்:
வராது தம்பி. மாறுறது தன்வினை, தானா நடக்கிறது. இங்க மனுஷன் உள்ள பூந்து மாத்துறான், அது பிறவினை. அதனால 'மரபணு மாற்றாத் தீவனம்', ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ('மாற்றாத'வுல கடைசி 'த' போனது), வலி மிகும், அதான் நடுவுல 'த்'. குஞ்சுன்னும் ஏன் எழுதணும்? தொல்காப்பியத்துல பறவையோட இளசுக்குப் பார்ப்பு, பிள்ளைன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்கு, சொல்ற இயலோட பேரே மரபியல்! இன்னைக்கு ஜெனடிக்ஸுக்கும் நாம வச்சிருக்கிற பேர் அதுதான். 'பார்ப்புத் தீனி'ன்னு போட்டா ரெண்டு மரபியலும் ஒண்ணா வந்து நிக்கும். தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளைன்னு நாம சொல்றதையும் இதோட சேர்த்துப் பார்க்கணும், அதைத் தனியா எழுதுறேன்.

ஆத்தூர்:
ஐயா, பார்ப்புன்னா எங்கூர்ல ஒருத்தருக்கும் வெளங்காதுங்க. நான் மக்காச்சோளம் போடறவன். 'நாட்டு விதைத் தீவனம்'னு எழுதுங்க, போதும்.

ஏற்காட்டுலேர்ந்து:
அண்ணா, அப்படிப் போட்டா பொய்யாயிடும். நீங்க போடற சோளமே வீரிய ஒட்டு ரகம்தானே, ஆனா அது ஜிஎம் இல்ல. நம்ம நாட்டுல சட்டப்படி வணிகத்துக்கு வந்த ஜிஎம் பயிர் 2002லேர்ந்து பிடி பருத்தி மட்டும்தான். பருத்திக்கொட்டைப் புண்ணாக்குல கோசிபால்னு ஒரு நச்சுப்பொருள் இருக்கு, குஞ்சுக்கு அது வேண்டவே வேண்டாம். மிச்சம் கேக்க வேண்டியது சோயாவைத்தான், 2021ல 12 லட்சம் டன் ஜிஎம் சோயா புண்ணாக்கு இறக்குமதிக்கு அனுமதி குடுத்தாங்க. அதனால 'நாட்டு'ன்னும் சொல்லக்கூடாது 'இயற்கை'ன்னும் சொல்லக்கூடாது. ஐயா சொன்ன 'மாற்றாத் தீவனம்' எனக்குப் பிடிச்சுது, எங்கம்மாகிட்ட வாய்விட்டுப் படிச்சேன், "மாத்துத் தீவனமா, அசோலாவா?"ன்னாங்க, தண்ணியில மிதக்குற அந்தத் தீவனச் செடியை நெனச்சுட்டு. கேட்டவுடனே அர்த்தம் தலைகீழாப் போகுது.

ஓமலூர்:
'ஜிஎம் கலக்காத குஞ்சுத் தீவனம்'. கடையில இதையே கேக்கலாம், பதிலும் கிடைக்கும்.

ஆத்தூர்:
இது சரிங்க.

ஏற்காட்டுலேர்ந்து:
நாலு பேர் தனியாவும் இதையே சொல்லிட்டாங்க, நேரமும் இல்ல. இதையே அனுப்புறேன். ஐயா கோவிச்சுக்காதீங்க.

அஸ்தம்பட்டி, தமிழாசிரியர்:
கோவம் இல்ல, சம்மதமும் இல்ல. ஜிஎம்னா என்னன்னு அந்த அம்மாக்கள் கேட்டா மறுபடி மரபணுவுக்குத்தான் வரணும், அதனால கீழ சின்ன எழுத்துல 'மரபணு மாற்றாத'ன்னு ஒரு வரி சேருங்க. பார்ப்பு இப்போதைக்கு ஒதுங்கி நிக்கட்டும். 'மாறாத'ன்னு மட்டும் அச்சாகிடக் கூடாது தம்பி, புரூஃபை ஒரு தடவை எனக்கு அனுப்பு.