பொருள்: கண்மாய்ப் பச்சையை வயலில் அடிக்க வேண்டாம்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

சித்தப்பா அனுப்பிய படங்களைப் பார்த்து மனசு கலங்கிவிட்டது. கண்மாய் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல் கிடக்கிறது. அதை அரித்தெடுத்து, கண்மாய் வண்டலான கரம்பைக்குப் பதிலாக வயலில் அடிக்கலாம், மண்புழு உரக்குழியிலும் போடலாம் என்று பேசியிருக்கிறீர்கள். டிராக்டர் கூலிக்குச் சங்கப் பணமும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

"பாசி போட்டால் பயிர் கருகருவென்று வரும்" என்று பெரியப்பா எழுதியிருந்தார். அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடிக்கு அது சரி. அதற்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து நெல்லுக்குத் தரும். ஆனால் தேங்கிய தண்ணீரில் இப்படி ஏடு கட்டுவது பெரும்பாலும் அதன் பங்காளியான மைக்ரோசிஸ்டிஸ். அதில் பல வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கிற நஞ்சு அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்தாலும் போகாது. கரையில் காய்ந்த பொருக்கில்கூட மாதக்கணக்கில் தங்கும்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோல் வழியாகத்தான் மூச்சு விடும். தின்பதும் மண்ணைத்தான். ஆகவே மண்ணில் விழுந்த நஞ்சு அதற்கு உள்ளேயும் வெளியேயும் படும். உரக்குழியில் வளர்க்கும் செம்புழுக்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, இந்த நஞ்சால் உடல் செல்களும் மரபணுவும் சேதமாகி, இனப்பெருக்கமும் குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத மண் நூற்புழுக்களுக்கும் ஆயுசும் குஞ்சும் குறைகின்றன.

இங்கே எங்கள் தாமான் (குடியிருப்பு) குளத்தில் வாரிய பச்சையை, பக்கத்து வீட்டு அக்கா வாழைக்கடியில் கொட்டினார். மூன்றாம் நாள் காலை புழுக்களெல்லாம் சிமெண்ட் நடையில் ஏறிச் செத்துக் கிடந்தன. கொழகொழவென்ற ஏடு அழுகி மண்ணில் காற்றை இல்லாமல் ஆக்கினாலே புழு வெளியேறும், நஞ்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்பா உழும்போது ஏர் பின்னாலேயே கொக்குகள் நடந்து வருமே, அந்த வயலை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆடு மாட்டைக் கண்மாயில் இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் பாய்ச்ச வேண்டாம், இலையில் நஞ்சு ஏறும். கரம்பை எடுப்பதை, வண்டலைச் சோதித்துப் பார்த்த பிறகு வைத்துக்கொள்வோம்.

பச்சைக்குக் காரணம் பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் வயலிலிருந்து வடியும் உரமும்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சினால் தண்ணீர் இப்படித்தான் ஆகும். மலேசியாவில் 2005இல் 90 ஏரிகளை ஆராய்ந்ததில் பாதிக்கு மேல் இந்தச் சத்து மிகுதியால் கெட்டிருந்தன. சாக்கடையைத் திருப்பி விடவும் தண்ணீர்ச் சோதனைக்கும் என் பங்கு 500 வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன். சிங்கப்பூர், துபாய் உறவுகளும் கை கொடுங்கள்.

தம்பி, டிராக்டர்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடு.