அடியா, மீட்டரா? பையனுக்குப் பதில் சொல்ல உதவுங்கள்

வணக்கமுங்க. பீளமேட்டில் வீடு, மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். ஏழாவது படிக்கும் பையன் கேள்வியாய்க் கேட்டுத் துளைக்கிறான். உயரம் அடியில், வேகம் நாட் கணக்கில், ஓடுபாதை மட்டும் மீட்டரில் ஏன்? ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்பது வரை சமாளித்தேன். 1983இல் கனடாவில் பவுண்டையும் கிலோவையும் குழப்பி, நடுவானில் ஒரு விமானத்துக்கு எரிபொருள் தீர்ந்த கதையையும் சொன்னேன். அதுவே வினையாகிவிட்டது. "அப்புறம் ஏன் இன்னும் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றவில்லை?" என்கிறான்.

சீனாவில் உயரத்தை மீட்டரில்தான் சொல்கிறார்கள். அங்கே நுழையும்போது விமானி என்ன செய்வார்? சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்க.