அத்தைக்குக் கால் நீட்டி உட்கார நாற்காலி: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்ரீரங்கம் மருமகள்:
என் மாமியாருக்கு வயது 79, உயரம் 4 அடி 10 அங்குலம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாலையானால் பாதம் வீங்கிவிடுகிறது. செருப்பு வார் பதிந்த தடம் இரவுவரை மறைவதில்லை. இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டு, பயமில்லை, காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

வீட்டில் இருப்பது மாமனார் காலத்துத் துணி ஈஸி சேர். உட்கார்ந்தால் சுகம்தான், எழுந்திருக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். போன மாதம் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கியபோது, “கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுக்கிறீர்களே” என்றார். அதோடு அதில் உட்காருவதை விட்டுவிட்டார். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியும் ஸ்டூலும். ஸ்டூல் மொசைக் தரையில் நழுவுகிறது.

கடையில் ரிக்ளைனர் பார்த்தோம், முதுகு சாய்ந்து கால் தாங்கி மேலெழும் மெத்தை நாற்காலி. லீவர் வைத்ததில் கால் தாங்கியை மடக்கக் காலாலேயே அழுத்த வேண்டும். அவருக்கு அந்த வலு இல்லை. மோட்டார் வைத்தது மெத்தென்று இருந்தது. ஆனால் முதுகைச் சாய்த்தால் பாதம் தரைக்கு எட்டவில்லை. பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை போகிற இடைவெளி. “போகப் போகப் பழகிவிடும்” என்றார் விற்பனையாளர். 79 வயதில் கால் வளருமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மோட்டார் அவசியமா? வேறு வழி உண்டா?

கோவை இயன்முறை:
சகோதரி, முதலில் அளவு நாடாவை எடுத்து அவரை அளந்துவிடுங்கள். தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை ஓர் அளவு. இருக்கையின் உயரம் அதற்குச் சமமாகவோ, மூட்டு வலி இருப்பதால் ஓர் அங்குலம் கூடுதலாகவோ இருக்கலாம். பாதம் முழுவதும் தரையில் பதிந்தாக வேண்டும். ஸ்பாஞ்சு அமுங்கும் என்பதால் ஆள் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அடுத்தது பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை. இருக்கையின் ஆழம் அதைவிட 2 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். கடை நாற்காலிகள் உயரமான ஆட்களுக்குச் செய்தவை. உங்கள் அத்தை அங்கேதான் தோற்றுப்போனார்.

பலரும் கவனிக்காத ஒன்று: நாற்காலிக்கு அடியில் குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள இடம் வேண்டும். காலைப் பின்னால் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்தால்தான் எழ முடியும். நீங்களே பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள், தெரியும். கைப்பிடியும் இருக்கையின் முன்விளிம்புவரை வர வேண்டும்.

கால் தாங்கி கெண்டைக்கால் முழுவதையும் ஏந்தட்டும். குதிகால் எதிலும் அழுந்தக் கூடாது. முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைக்காதீர்கள், மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகும். வீக்கத்துக்கு நாற்காலி மட்டும் போதாது. பகலில் சிறிது நேரம் படுத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைக்கட்டும். மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடக்கட்டும்.

நாகர்கோவில்காரன்:
மோட்டார் வாங்கிப் பட்டவன் நான். அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தபோது மின்சாரம் போய்விட்டது. நாற்காலி அசையவில்லை. அவருக்கோ கழிவறைக்குப் போக வேண்டும். அந்த நாற்பது நிமிடம் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கதை. பேட்டரி உண்டா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். கால் தாங்கி முழுவதும் மடங்கும் முன் அதன்மேல் மிதித்து எழக் கூடாது, நாற்காலி முன்னால் கவிழும். ரெக்ஸின் வேண்டவே வேண்டாம். மே மாதத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பிரம்பு விரும்பி:
எனக்கு 81. உட்காருகிறவன் சொல்கிறேன், கேளுங்கள் அம்மா. தச்சரிடம் என் அளவுக்குத் தேக்கில் கைநாற்காலி செய்து, பிரம்பு பின்னிக்கொண்டேன். காற்று புகும், வியர்க்காது. கால் வைக்க இருக்கைக்குச் சமமான உயரத்தில் தனி மணை. நான்கு காலிலும் ரப்பர் குமிழ், மேலே மெல்லிய மெத்தை. எழும்போது தள்ளி வைத்துவிடலாம், மின்சாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கைப்பிடியை முன்னால் நீட்டி அதன்மேல் கால் போடும் பழைய தோட்டத்துரை நாற்காலியை யாராவது சிபாரிசு செய்வார்கள். பார்க்க அழகுதான். இடுப்பு பள்ளத்தில், கால் இரண்டும் மேலே, அதுவும் அகட்டியபடி! துரைக்குத் தூக்கிவிட ஆள் இருந்தார்கள்.

ஸ்ரீரங்கம் மருமகள்:
அனைவருக்கும் நன்றி. இன்று அளந்தேன். தரையிலிருந்து மடிப்புவரை 15 அங்குலம், பின்னாலிருந்து மடிப்புவரை 17. அப்படியென்றால் உயரம் 16, ஆழம் 15. கடையில் பார்த்ததன் ஆழம் 21! இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். தச்சரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், மணையும் சேர்த்துத்தான்.

அத்தைக்கு ஒரே நிபந்தனை: வலது கைப்பிடி, காபி வைக்கும் அகலத்துக்கு வேண்டுமாம். டபராவையும் அளந்து எழுதி வைத்துவிட்டேன்.