குயில்ட் தைக்கும்போது அடியில் நூல் கூடு கட்டுகிறது, யாராவது உதவுங்கள்

சுங்குடிக்காரி:
அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் நான்கை வெட்டி, தங்கை குழந்தைக்கு 40க்கு 40 அங்குலத்தில் ஒரு குயில்ட் (பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஒட்டுப்போட்ட சுங்குடி, நடுவில் மெல்லிய பஞ்சு ஷீட், அடியில் வெள்ளைக் காட்டன். வீட்டில் இருப்பது சாதாரண மோட்டார் மிஷின். நேர்கோடாகத் தைத்தவரை பரவாயில்லை, அடித்துணியில் மட்டும் அங்கங்கே சுருக்கம். அப்புறம் ஆசைப்பட்டு டார்னிங் ஃபுட் (துணியை அழுத்தாமல் விடும் பாதம்) மாட்டி, துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்தி வளைவு வளைவாகத் தைத்துப் பார்த்தேன். மேலே பார்த்தால் அழகு. திருப்பினால் காக்காய்க் கூடு. அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் திருகை முறுக்கினேன், நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன். மூன்று முறை பிரித்தாகிவிட்டது. இன்னொரு முறை பிரித்தால் புடவை தாங்காது. பாபினில்தான் கோளாறா?

கால்மிஷின்:
பாபின் திருகை முதலில் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அடியில் சிக்கினால் மேல்நூலைப் பார்க்க வேண்டும், மேலே சிக்கினால்தான் பாபின். தைக்கும்போது ஃபுட்டை இறக்கினீர்களா?

சுங்குடிக்காரி:
என்ன சார், பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஃபுட்டை இறக்காமலா தைப்பேன்!

நூல்கண்டு:
கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. சாதா ஃபுட் இறங்கியதும் துணியை அழுத்திப் பிடிக்கும், கைக்கே தெரியும். டார்னிங் ஃபுட் அப்படி இல்லை. இறக்கினாலும் துணிமேல் லேசாக மிதந்துகொண்டுதான் இருக்கும். பஞ்சு வேறு உப்பலாக இருப்பதால், தூக்கியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பின்னால் இருக்கும், ஃபுட்டை ஏற்றி இறக்கும் லீவரைத் தொட்டுப் பாருங்கள். அது மேலே இருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் விரிந்தே நிற்கும். மேல்நூலுக்குப் பிடிப்பே இல்லாமல் இஷ்டத்துக்கு இறங்கும், போய் அடியில் கூடு கட்டும். இதே விஷயத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

நூல் கோர்க்கும்போது இதற்கு நேர்மாறு: லீவர் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் நூல் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காரும்.

ஆரம்பிக்கும் இடத்தில் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே இழுத்துவிடுங்கள். இரண்டு நூலையும் விரலால் பிடித்துக்கொண்டு நாலைந்து தையல் போட்ட பிறகு விடலாம். இதற்கப்புறமும் வளைவில் மட்டும் அடியில் இமை முடி மாதிரி நூல் நீட்டிக்கொண்டு வந்தால், அது உங்கள் கை அவசரம். வளைவு வந்ததும் கை தன்னால் வேகமெடுக்கும். மிஷின் ஒரே வேகத்தில் ஓடட்டும், கை நிதானமாகப் போகட்டும். மிஷின் எம்பிராய்டரி போடுகிறவர்கள் வளையத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், சட்டென்று பிடிபடும். ஊசி 14ஆம் நம்பர் போதும். குயில்ட்டில் ஏறுவதற்கு முன் இதே பஞ்சு, இதே துணியில் ஒரு சாண் அளவுக்கு ஒரு துண்டு செய்து பழகுங்கள்.

சுங்குடிக்காரி:
லீவர் மேலேதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது. கால்மிஷின் சார், மன்னிக்கவும்.

கால்மிஷின்:
அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா. சுருக்கத்துக்கு வருவோம். மூன்று துணியையும் எப்படிச் சேர்த்தீர்கள்?

சுங்குடிக்காரி:
கட்டிலில் விரித்து நாலு மூலையிலும் நடுவிலும் ஊக்கு குத்தினேன்.

கால்மிஷின்:
மெத்தைமேல் விரித்தால் அடித்துணி தொய்ந்துதான் இருக்கும். தரையில் விரியுங்கள். அடித்துணியின் ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், விறைப்பாக நிற்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் சுங்குடி. நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு, உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கு தட்டுப்படுகிற அளவுக்கு நெருக்கமாகக் குத்துங்கள். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

தையலும் நடுவிலிருந்துதான். நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட் வாங்கிவிடுங்கள், மேல்துணியையும் பல்லோடு சேர்த்து நகர்த்தும். மாட்டும்போது அதன் கை ஊசித் திருகின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு தண்டம். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வையுங்கள். குயில்ட் மேஜையிலிருந்து தொங்கினால் அந்தக் கனமே ஊசியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். இடது பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் தாங்கவிடுங்கள்.

மார்கழி:
சுங்குடியில் வளைவு எதற்கு, சிக்குக்கோலம் போடுங்களேன்! எடுத்த நூலை அறுக்காமல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். ஒன்று கவனியுங்கள்: நேர்ப்புள்ளியில் 3க்கு 3 வைத்தால் மூன்று இழை தனித்தனியாகச் சுற்றும், மூன்று முறை நிறுத்த வேண்டும். 3க்கு 4 வைத்தால் ஒரே இழை. 4க்கு 5ம் அப்படித்தான். வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையையும் பொதுவாக வகுக்கும் எண் 1 மட்டும் என்றால் ஒரே இழையில் முடியும். (பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இழைகள் ஒன்றையொன்று வெட்டிப்போகும் சாதாக் கோலத்துக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.) புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் விட்டு, தையல் சாக்கால் வரைந்து, முதலில் விரலால் ஓட்டிப் பாருங்கள். கைக்குப் பாதை பழகிவிடும்.

நூல்கண்டு:
நல்ல யோசனை. அந்தப் புடவைகளில் சிவப்பு இருந்தால் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்குகிற துண்டை எடுத்துவிடுங்கள், அடியில் வெள்ளை போட்டிருக்கிறீர்கள். அப்புறம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தூங்கும்போது போர்த்த வேண்டாம், தரையில் விரித்து விளையாட விடலாம்.

சுங்குடிக்காரி (ஒன்பது நாள் கழித்து):
முடித்துவிட்டேன். லீவரில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், இறக்கினால்தான் அது கண்ணில் படும். அடியில் ஒரு சிக்கு இல்லை. நடுவில் 4க்கு 5 கோலம், சுற்றிலும் வாக்கிங் ஃபுட்டில் நேர்கோடு. இடது ஓரத்தில் ஒரு புள்ளியைச் சுற்றாமல் குறுக்கே ஓட்டிவிட்டேன். அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். பிரிக்கவில்லை.

மார்கழி:
படம் எங்கே?